மூன்று கேள்விக்கும் ‘யெஸ்’: காவலருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போன வருடம் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஆயாவைக் கூட்டிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இங்கிலீஷ்தான் பேசுவார், ஆனால் மனசு கலங்கினால் அவருடைய அம்மாவிடம் கேட்ட பழைய தமிழ்தான் வாயில் வரும். கூட இருக்கும் மகன் மாதாமாதம் பென்ஷன் காசைப் பிடுங்கிக்கொள்கிறான், கொடுக்காவிட்டால் கையை ஓங்குகிறான். அன்றைக்கு மணிக்கட்டை முறுக்கி, வீங்கியிருந்தது. துணைக்கும் மொழிக்கும் என்னைக் கூப்பிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் கான்ஸ்டபிளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், ‘கோகோ’ என்று, ஜூலுவில் பாட்டியைக் கூப்பிடும் சொல்லால் கூப்பிட்டார். நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஸ்டேட்மெண்ட் எழுதினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவன் திருட்டுப்போன செல்போனுக்கு கேஸ் நம்பர் கேட்டு மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். எழுதி முடித்ததும் சத்தியத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டார். இதில் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியுமா, புரிகிறதா? சத்தியம் செய்ய ஆட்சேபனை ஏதாவது இருக்கிறதா? இந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று கருதுகிறீர்களா? நான் தமிழில் சொல்வதற்குள் ஆயா மூன்றுக்கும் ‘யெஸ்’, ‘யெஸ்’, ‘யெஸ்’ என்று தலையாட்டிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு யெஸ் என்றால் எனக்கு ஆட்சேபனை இருக்கிறது என்று அர்த்தம். கான்ஸ்டபிள் அதைக் கவனிக்கவே இல்லை. வழக்கமாக எழுதும் பதிலை எழுதி, ஸ்டாம்ப் அடித்துவிட்டார்.

வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒரே பக்கம். மகன் அடித்தான் என்று இருந்தது. எப்போதிலிருந்து அடிக்கிறான் என்று இல்லை, பென்ஷன் காசு இல்லை, வீங்கிய மணிக்கட்டு இல்லை, வீட்டில் வேறு யார் பார்த்தார்கள் என்பதும் இல்லை. குற்ற வழக்காகப் பதியலாம் என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆயா அதே வீட்டில்தான் இருக்க வேண்டும்.

வெளியே வரும்போது வரிசையில் நின்ற ஒரு மாமா சொன்னார், “இவங்களுக்கெல்லாம் ட்ரெயினிங் பத்தாதும்மா.” இதே வாக்கியத்தைச் சமூகக் காவல் மன்றக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், விசாரணைக் கமிஷன் அறிக்கைகளிலும் படித்திருக்கிறேன். பயிற்சித் திட்டம் எழுதுவதுதான் என் தொழில், செக்யூரிட்டி கம்பெனிகளுக்கும் நகராட்சிக் காவலர்களுக்கும் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த வாக்கியத்தைக் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எதில் பத்தவில்லை, யாருக்குப் பத்தவில்லை, அது பயிற்சியால் தீருகிற குறைதானா என்று கேட்காமல் ஒரு பாடத்திட்டம் எழுதினால், பணமும் நாளும் போகும், கவுண்டரில் நிற்கும் ஆயாவுக்கு ஒன்றும் மாறாது.

பயிற்சித் தேவையை மதிப்பிடுவது என்ற வேலைக்கு ஒரு பழைய அடித்தளம் இருக்கிறது. 1961ல் மெக்கீ, தேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மூன்று இடத்தில் பார்க்கச் சொன்னார்கள். முதலில் நிறுவனம்: அது எதற்காக இருக்கிறது, எங்கே தடுமாறுகிறது. அடுத்தது வேலை: அதைச் செய்கிறவர் உண்மையில் என்னென்ன செய்கிறார், ஒவ்வொன்றையும் எந்தத் தரத்தில் செய்ய வேண்டும். கடைசியாக ஆள்: யாருக்கு எது வரவில்லை. இன்றைக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் மூன்றாவதை மட்டும், அதையும் அரைகுறையாகச் செய்கிறார்கள். ஒரு தாளைக் கொடுத்து ‘உங்களுக்கு என்ன கோர்ஸ் வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் என்று ஒருவர் எழுதுவார், மேற்பார்வையாளர் கோர்ஸ் என்று இன்னொருவர், அது பதவி உயர்வுக்கு உதவும் என்பதால். அது விருப்பப் பட்டியல். ஸ்டேட்மெண்ட் எழுத எனக்குச் சரியாக வரவில்லை என்று எந்தக் கான்ஸ்டபிளும் அந்தத் தாளில் எழுதமாட்டார், ஏனென்றால் தனக்கு வரவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவில் இப்படி ஆனதற்குச் சட்டமும் கொஞ்சம் காரணம். 1998ன் திறன் மேம்பாட்டுச் சட்டம் நல்ல எண்ணத்தில் வந்தது. தேசிய, மாகாண அரசுத் துறைகள் தங்கள் சம்பளச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நிறவெறி ஆட்சி கோடிக்கணக்கான பேருக்குக் கல்வியை மறுத்த நாட்டில் இது பெரிய விஷயம், நான் குறையாகச் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தொழில் துறைக்கும் ஒரு பயிற்சி ஆணையம் உண்டு, காவலுக்கும் பாதுகாப்புக்கும் இருப்பது சாசெட்டா. வேலையிடத் திறன் திட்டம் என்று வருடத்துக்கு ஒரு முறை சமர்ப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கும்போது எண்ணிக்கைதான் முக்கியமாகிவிடுகிறது, எத்தனை பேர், எத்தனை கோர்ஸ், எத்தனை நாள் என்று. இரண்டு வாரத்தில் முடித்தாக வேண்டிய படிவத்துக்காக யார் போய் ராத்திரி ஷிப்டில் கவுண்டர் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இந்த நாட்டுக் காவலர் பயிற்சிக்குப் பின்னால் இருக்கும் கதையும் தெரிந்திருக்க வேண்டும். நிறவெறிக் காலத்தில் பயிற்சிக் கல்லூரிகளே இனவாரியாகப் பிரிந்திருந்தன. வெள்ளையருக்கு பிரிட்டோரியா, கறுப்பினத்தவருக்கு ஹம்மன்ஸ்க்ரால், கலப்பினத்தவருக்கு பிஷப் லாவிஸ், இந்தியருக்கு டர்பனில் எங்கள் சாட்ஸ்வர்த். அந்தச் சாட்ஸ்வர்த் கல்லூரி இன்றும் இருக்கிறது, இப்போது எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். 1995ல் பழைய தென்னாப்பிரிக்கக் காவல் படையையும் கறுப்பினத்தவருக்கென்று நிறவெறி அரசு பிரித்துவைத்திருந்த பத்து ‘தாயகப்’ பகுதிகளின் படைகளையும், ஆக 11 படைகளை, ஒரே சேவையாக இணைத்தார்கள். 11 விதப் பழக்கம், 11 விதப் பயிற்சி. படை என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சேவை என்று வைத்தார்கள், ராணுவப் பதவிப் பெயர்களையும் எடுத்தார்கள். 2010ல் அந்த ராணுவப் பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. ஒரு துறை தன்னை யாராக நினைக்கிறது என்பது பாடத்திட்டத்துக்குள் பேசாமலே நுழைந்துவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

1995 இணைப்புக்கு அப்புறம் சட்டங்களும் வரிசையாக வந்தன. 1998ல் குடும்ப வன்முறைச் சட்டம், 2007ல் பாலியல் குற்றத் திருத்தம், 2008ல் சிறார் நீதிச் சட்டம், 2020ல் சைபர் குற்றச் சட்டம். தப்பியோடும் ஆளைச் சுடும் அதிகாரத்தை 2002ல் வால்டர்ஸ் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் கடுமையாகக் குறுக்கியது. இதில் ஒவ்வொன்றும் கான்ஸ்டபிளின் கையில் ஒரு புது வேலையை வைக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் திருத்தத்தில் முதியவர்களைக் கொடுமைப்படுத்துவது தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆயாவின் கதை அப்படியே அதற்குள் வருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு உரிமைகளைச் சொல்லும் ஒரு நோட்டீஸை, முடிந்தவரை அவர் விரும்பும் ஆட்சிமொழியில், காவலர் கையில் கொடுக்க வேண்டும், குற்றப் புகார் தரலாம் என்பதையும் விளக்க வேண்டும் என்று மூலச் சட்டமே சொல்கிறது. தமிழ் ஆட்சிமொழி கிடையாது, ஆனால் அரசியலமைப்பின் 6வது பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

சரி, அந்தக் கான்ஸ்டபிளுக்கு இதெல்லாம் தெரியாதா? இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ராபர்ட் மேகர் என்ற பயிற்சி வல்லுநர் கேட்டது: தன் உயிரே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்றால், அந்த ஆளால் அதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது பயிற்சிக் குறை இல்லை, வேறு ஏதோ தடுக்கிறது, அதைத் தேட வேண்டும். முடியாது என்றால்தான் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தக் கேள்வியோடு அந்த நாற்பது நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஆயாவை வழக்குப் பதியாமல் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு அனுப்பியது, அநேகமாகத் தெரியாததால் இல்லை. டாக்கெட் திறந்தால், அதாவது வழக்குக் கோப்பைத் தொடங்கினால், வேலை கூடும், வெள்ளிக்கிழமை ராத்திரி மகனைப் பிடிக்க வண்டி வேண்டும், அந்த நிலையத்தில் அன்றைக்கு இருந்த வண்டி வெளியே போயிருந்தது. ‘இந்தக் குடும்ப விஷயத்தையெல்லாம் கோர்ட்டுக்கு அனுப்பிவிடு’ என்று மேலே இருப்பவர் சொல்லிப் பழக்கியிருக்கலாம். அதற்கு ஐந்து நாள் கோர்ஸ் வைத்தால், ஐந்து நாள் கழித்து அதே கவுண்டருக்கு, அதே மேலதிகாரியிடம், அதே ஒற்றை வண்டிக்குத்தான் திரும்பி வருவார். ஆனால் வீங்கிய கையைப் பார்த்தும் எழுதாதது, எப்போதிலிருந்து என்று கேட்காதது, மூன்று யெஸ்ஸைக் கவனிக்காதது, இவை அவருக்கு உண்மையிலேயே வரவில்லை. பேசிக்கொண்டே கேட்டு, கேட்டதை வழக்குக்கு வேண்டிய வரிசையில் எழுதுவது ஒரு கைத்தொழில். அது கற்றுக்கொடுத்தால் வரும். ஆக ஒரே கவுண்டரில் ஒரே சாயங்காலத்தில் இரண்டு வகைக் குறையும் கலந்து கிடந்தன, மாமா இரண்டையும் சேர்த்து ட்ரெயினிங் என்றார்.

இதே கலப்படம் பெரிய அளவில் நடந்தது மாரிக்கானா என்ற சுரங்க ஊரில். 2012 ஆகஸ்ட் 16 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளிகள் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கு முந்தைய நாட்களில் அங்கே பத்துப் பேர் இறந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் காவலர்கள், இரண்டு பேர் செக்யூரிட்டி ஆட்கள். காவலர்கள் எந்த மனநிலையில் நின்றார்கள் என்று புரிந்துகொள்ள அதையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி இயான் ஃபார்லம் தலைமையில் விசாரணை நடந்து, அறிக்கை 2015 ஜூனில் வெளிவந்தது.

அந்த அறிக்கையைப் பயிற்சித் தேவை ஆய்வாக வைத்துப் படிக்கலாம், நான் அப்படித்தான் படித்தேன். தொழிலாளிகள் கலையாவிட்டால் அடுத்த நாள் பலவந்தமாகக் கலைப்பது என்ற முடிவு ஆகஸ்ட் 15 இரவே உயர்மட்டத்தில் எடுக்கப்பட்டது. கூட்டத்தைக் கையாள்வதில் தேர்ந்தவர்களின் அறிவு அந்தத் திட்டத்தில் சரியாகப் பயன்படவில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஆர் 5 என்ற போர்முனைத் துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தினார்கள். வரிசையில் நின்ற கான்ஸ்டபிளுக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்திருந்தாலும் இவற்றில் எதுவும் மாறியிருக்காது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. சுடப்பட்டு விழுந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மருத்துவ உதவி கிடைக்கவில்லை. அவர்களைச் சுற்றி நிறையக் காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாக் காவலருக்கும் அடிப்படை முதலுதவியும், துப்பாக்கிப் பிரிவினருக்குக் குண்டுக் காயத்தைக் கையாளும் கூடுதல் பயிற்சியும் வேண்டும் என்று கமிஷன் பரிந்துரைத்தது. ரத்தம் கொட்டும் காலை எங்கே அழுத்திக் கட்டுவது என்பது கற்றுக்கொடுத்தால் வருகிற விஷயம். அதை எல்லோருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாட்டுக்கு 34 உயிர் செலவானது. எனக்கு அதை இன்னும் சாதாரணமாக எழுத வரவில்லை.

2021 ஜூலைக் கலவரத்தைப் பற்றி நம்மவர்களிடம் பேசும்போது கவனமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. குவாசுலு-நட்டால், கவுடெங் இரண்டு மாகாணத்திலும் சேர்த்து 350 பேருக்கு மேல் இறந்தார்கள், டர்பன் பக்கத்தில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். காவலர் இல்லாத சாலைகளில் குடியிருப்பவர்களே தடுப்பு போட்டார்கள், அந்தத் தடுப்புகளில் சில இடங்களில் நடந்ததை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு கூட்டத்திலும் ‘போலீஸுக்குக் கலவரப் பயிற்சி கொடுங்கள்’ என்றார்கள். ஆனால் ஜனாதிபதி அமைத்த நிபுணர் குழு சொன்னது உளவுத் தகவலும் ஒருங்கிணைப்பும் தோற்றதைப் பற்றி. ஆட்கள் நேரத்துக்கு இடத்துக்கு வராதபோது வராத ஆளுக்கு என்ன பயிற்சி கொடுப்பது? கேப்டவுனில் கயெலிட்ஷா என்ற ஏழைக் குடியிருப்பின் காவலைப் பற்றிய விசாரணைக் கமிஷனும் 2014ல் இதே போன்ற ஒன்றைக் காட்டியது. அங்கே துப்பறிவாளர்களின் மேஜையில் ஒருவரால் தாங்கவே முடியாத அளவுக்கு டாக்கெட்டுகள் குவிந்திருந்தன, ஏழைப் பகுதிகளுக்குக் காவலர்களைப் பங்கிட்ட முறையே கோணலாக இருந்தது.

அப்படியென்றால் உண்மையான பயிற்சித் தேவையை எங்கே தேடுவது? என் அனுபவத்தில் முதல் இடம் திரும்பி வந்த டாக்கெட். அரசு வழக்கறிஞர் ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள முடியாதபோது ஏதாவது குறிப்பு எழுதி அதைத் திருப்பி அனுப்புவார். சாட்சியின் ஸ்டேட்மெண்டில் வெளிச்சம் எப்படி இருந்தது என்று இல்லை, காயத்துக்கான ஜே 88 மருத்துவப் படிவம் இல்லை, கைது செய்தபோது உரிமைகளைச் சொன்ன நேரம் எழுதவில்லை, பறிமுதல் செய்த பொருளின் பதிவு எண் பொருந்தவில்லை. இப்படி ஒரு நூறு கோப்பை எடுத்து, ஒவ்வொன்றும் எதற்காகத் திரும்பியது என்று கோடு போட்டு எண்ணிப் பார்த்தால், எந்தக் கேள்வித்தாளும் சொல்லாததை அந்தக் கோடுகள் சொல்லும். ஒரு முறை ஒரு நகராட்சிக் காவல் பிரிவில் இப்படி உட்கார்ந்து எண்ணினேன். அவர்கள் என்னிடம் கேட்டிருந்தது துப்பாக்கி மறுபயிற்சி. கோப்புகளில் கொத்துக் கொத்தாக விழுந்தது நேரம், தேதி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி. துப்பாக்கியால் கெட்டுப்போன வழக்கு ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை.

அதற்காகத் துப்பாக்கிப் பயிற்சியைத் தூக்கிவிடக் கூடாது. இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் மூன்று கேள்வியால் அளக்கிறார்கள்: எவ்வளவு கடினம், தவறினால் எவ்வளவு பெரிய கேடு, எத்தனை தடவை செய்ய வேண்டிவரும். சுடுவது அபூர்வமாக வரும், ஆனால் தவறினால் உயிர் போகும், கைப்பழக்கம் சீக்கிரம் மங்கிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். ஸ்டேட்மெண்ட் எழுதுவது தினமும் வருகிறது, பார்க்க எளிது, செய்யக் கடினம், தவறினால் கேடு ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில்தான் தெரியும், அப்போது எழுதியவருக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாத வேலையைத்தான் முதலில் பாடமாக்க வேண்டும் என்பது என் கட்சி. தினமும் செய்வதாலேயே அந்தத் தப்பு கையில் ஊறிவிடும்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் சம்பவப் பதிவேடு, காவல் துறை மீது வரும் நஷ்டஈட்டு வழக்குகள், ஐபிட் என்ற சுயேச்சை விசாரணை அமைப்புக்குப் போகும் புகார்கள், பிறகு நன்றாக வேலை செய்கிறார் என்று சக காவலர்களே சொல்கிற ஆள். இந்தக் கடைசி ஆளை யாரும் தேடுவதில்லை. குறைகளை மட்டும் சேர்த்தால் என்ன கூடாது என்று எழுதலாம், எப்படிச் செய்வது என்று எழுத அந்த ஆள்தான் வேண்டும். அவரிடம் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘சும்மா பேசுவேன்’ என்பார், தனக்குக் கைவந்தது அவருக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, நாம்தான் பிரித்து எழுத வேண்டும்.

இப்போது பாடத்திட்டம். நான் பார்த்த காவலர் பாடங்களில் முக்கால்வாசி ‘பயிலுநர் குடும்ப வன்முறைச் சட்டத்தை அறிந்திருப்பார்’ என்ற மாதிரி வாக்கியத்தோடு தொடங்கும். அறிந்திருப்பதை எப்படிப் பார்ப்பது? தேர்வு வைத்தால் சட்டத்தின் எண்ணையும் ஆண்டையும் எழுதிவிடுவார்கள். ஒரு கற்றல் இலக்கில் செய்யும் செயல், எந்தச் சூழலில், எந்த அளவுக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும் என்று மேகர் 1962லேயே சொல்லிவிட்டார். ஆயாவின் கவுண்டருக்கு அதை இப்படி எழுதுவேன்: வரிசை நிற்கும் கவுண்டரில், ஆங்கிலம் முழுதாக வராத ஒரு முதியவரிடம், உடன் வந்தவர் மொழிபெயர்க்க, நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஒரு ஸ்டேட்மெண்ட் எடுப்பார், அதில் கடைசிச் சம்பவம், அதற்கு முந்தைய சம்பவங்கள், கண்ணால் தெரியும் காயம், பணம், ஆயுதம், சாட்சி எல்லாம் இருக்கும், சத்தியக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொந்த வார்த்தையில் பதில் வாங்குவார், அந்தத் தாளை மட்டும் படிக்கும் வழக்கறிஞரால் என்ன குற்றச்சாட்டு போடலாம் என்று சொல்ல முடியும். நீளம்தான். ஆனால் இதைப் படித்தாலே வகுப்பு எப்படி இருக்க வேண்டும், தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஸ்லைடு போட்டு இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. மேஜை வேண்டும், அழும் ஒரு பாட்டியாக நடிக்க ஆள் வேண்டும், பின்னால் போன் அடிக்க வேண்டும், பக்கத்தில் ஒருவன் செல்போன் கேஸுக்காகக் கத்த வேண்டும். எழுதிய தாளை நடிப்பைப் பார்க்காத ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். பயிற்றுநர் திருத்தினால், நடிப்பில் பார்த்ததையெல்லாம் தாளில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மார்க் போட்டுவிடுவார்.

மொழியைப் பற்றிப் பாடத்திட்டங்கள் பேசுவதே இல்லை. அந்தக் கான்ஸ்டபிளின் தாய்மொழி ஜூலு, எழுதுவது இங்கிலீஷில், ஆயா சொல்வது தமிழில், நடுவில் நான். ஒரு வார்த்தை மூன்று கை மாறுகிறது. ‘கைய ஓங்குறான்’ என்று ஆயா சொன்னதை அவசரத்தில் நான் அடிக்கிறான் என்று சொல்லிவிட்டேன், கையை ஓங்கியதும் அடித்ததும் கோர்ட்டில் ஒன்றில்லை. உடன் வந்தவரை வைத்து மொழிபெயர்ப்பது எப்படி, சிறு சிறு துண்டாகக் கேட்பது எப்படி, முக்கியமான சொல்லை அவர் சொன்ன மொழியிலேயே எழுதிக்கொள்வது எப்படி என்பதற்கு ஒரு மத்தியானம் போதும். டர்பனில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கோயில் கமிட்டிகளில் மூத்த பெண்கள் இருக்கிறார்கள். பாட்டியாக நடிக்க யாராவது அழைத்தால் இவர்கள் வராமலா போவார்கள்?

கல்லூரியில் நன்றாகச் சொல்லிக்கொடுத்து நிலையத்துக்கு அனுப்பினாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘அங்கே படித்ததையெல்லாம் மற, இங்கே வேலை வேற மாதிரி’ என்று முதல் வாரத்திலேயே ஒரு சீனியர் சொல்வார். எந்த நாட்டுக் காவலரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார். அதனால் புதுக் கான்ஸ்டபிளை நிலையத்தில் யாருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது என்பதையும் பாடத்திட்டத்தில் எழுத வேண்டும், அந்தச் சீனியருக்கும் இரண்டு நாளாவது பயிற்சி வேண்டும், அவருடைய மதிப்பீட்டில் அது ஒரு வேலையாக எண்ணப்பட வேண்டும். பயன் அளப்பதற்கு 1959ல் டொனால்ட் கர்க்பாட்ரிக் நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு மாறியதா. நம் ஊரில் வகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் சிரித்த முகத்துக்கு டிக் போடச் சொல்வதோடு முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து அதே நிலையத்துக்குப் போய் இன்னொரு நூறு டாக்கெட்டை எடுத்து, அதே மாதிரி கோடு போட்டு எண்ண வேண்டும். பெரிய செலவில்லை. ஒரு ஆள், ஒரு வாரம்.

ஆயாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்ப அதே நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். இந்த முறை கவுண்டரில் நடுத்தர வயதுள்ள ஒரு சார்ஜெண்ட். முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆயாவை உட்காரவைத்தார், அப்புறம் பக்கவாட்டில் இன்னொரு நாற்காலியில் தானும் உட்கார்ந்தார். பேனாவை எடுக்கவில்லை. ‘முதல் தடவை எப்போது, கோகோ?’ என்று கேட்டார். ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாத்தா இறந்த வருடத்திலிருந்து தொடங்கினார். சார்ஜெண்ட் வீக்கத்தைத் தொடாமல் பார்த்து, எந்தக் கை, எந்தப் பக்கம் என்று எழுதிக்கொண்டார், ஜே 88 படிவத்தை எடுத்துக் கொடுத்தார். சத்தியக் கேள்வி வந்தபோது இரண்டாவதை வேறு மாதிரிக் கேட்டார்: “சத்தியம் செய்யச் சொல்கிறேன், உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம், என்ன சொல்கிறீர்கள்?” நான் தமிழில் சொன்னதும், “மாரியம்மன் மேலயே சொல்றேன்” என்றார் ஆயா. சார்ஜெண்ட் சிரித்துக்கொண்டே அது என்ன என்று என்னிடம் கேட்டு, புரிந்துகொண்டு எழுதினார். டாக்கெட் திறந்து நம்பர் கொடுத்தார்கள்.

இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கோர்ஸ் எதுவும் இல்லை, புதிதாக வந்தபோது ஒரு வயதான துப்பறிவாளர் பக்கத்தில் இரண்டு வருடம் உட்காரவைத்தார்கள் என்றார். சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து அதன் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஓரம் நைந்துபோன தாளில், ஜூலுவும் இங்கிலீஷும் கலந்து ஏழு கேள்விகள், நாலாவதுக்குக் கீழே இரண்டு கோடு. அனுமதி கேட்டு அதை அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமைப் பெண் கான்ஸ்டபிளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.